மரமும் கல்லும் கான்கிரீட்டும்: பெங்களூர்க் கட்டடங்கள் கூறும் வரலாறு

எதைக் கொண்டு கட்டினால் வீடு நிலைக்கும் என்னும் கேள்வி, மனிதன் குகையை விட்டு வெளியே வந்த நாள்தொட்டு இருந்துவருகிறது. தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு மிகத் துணிவான விடையொன்றைத் தந்தவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குன்றைக் குடைந்து அவன் ஒரு கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இன்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்தோடு கூறுகிறது. இன்னவை இல்லாமல் கட்டினேன் என்று ஒருவன் பெருமைப்பட்டால், அதுவரையில் எல்லோரும் அவற்றைக் கொண்டே கட்டிவந்தனர் என்பது வெளிப்படை.

கல்லுக்கு மாறிய பின்னரும் நம் சிற்பிகள் மரத்தை மறக்கவில்லை. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தைப் பாருங்கள். ஓலைக் குடிசையின் கூரை அப்படியே கல்லாகி நிற்கிறது. கோயில் மண்டபங்களின் கொடுங்கைகளுக்கு அடியில் தெரியும் வரிச்சட்டங்கள், தச்சனின் கைவேலையைக் கல்தச்சன் பார்த்துச் செய்தவை. தில்லையிலோ, சுற்றிலும் கல் மண்டபங்களும் கோபுரங்களும் எழுந்த பின்னரும், பொன் வேய்ந்த சிற்றம்பலம் இன்றும் மரத்தாலேயே விளங்குகிறது. ஒரு பொருள் வந்ததும் மற்றொன்று மறைந்தது என்று எண்ணுவது எளிது. வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் நடப்பதில்லை.

இந்த உண்மையை ஒரே நகரில் கண்கூடாகக் காண விரும்புவோர் பெங்களூரைச் சுற்றி வரலாம். தமிழருக்கு இந்நகர் புதியதன்று. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் 1270-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களை அளித்த செய்தியைக் கூறுகிறது. வாசலுக்கு இரண்டு கால் நிறுத்துவதும் கல்லில் பொறிக்கத்தக்க அறமாக மதிக்கப்பட்ட காலம் அது.

1537-இல் கெம்பே கவுடர் எழுப்பிய கோட்டை மண் கோட்டை. 1761-இல் ஐதர் அலி அதனைக் கல்லால் வலுப்படுத்தினார். ஆனால் அதே ஐதர் அலி, 1781-இல் கோட்டைக்குள் ஓர் அரண்மனை கட்டத் தொடங்கியபோது தேக்கு மரத்தையே நாடினார். அவர் மகன் திப்பு சுல்தான் 1791-இல் அதனை முடித்தார். பீரங்கியைத் தாங்க வேண்டிய மதிலுக்குக் கல். காற்றோட்டமாக இருந்து குடிமக்களின் குறை கேட்க வேண்டிய மாளிகைக்கு மரம். செய்ய வேண்டிய வேலையை அறிந்து பொருளைத் தேர்ந்த பட்டறிவை இதில் காண்கிறோம். கல் பீடங்களின்மேல் நிறுத்திய தேக்குத் தூண்களும், அவற்றை இணைக்கும் வளைவுகளும், மேல்மாடத்து முகப்புகளும் இன்றும் நிற்கின்றன. தூணின் அடி மண்ணைத் தொடாமல் கல்லின்மேல் நிற்பதுதான் அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம். ஈரமும் கறையானும் மரத்தின் பகைவர்கள். இரண்டும் தரையிலிருந்தே ஏறுகின்றன.

மூன்றாவது பகையாகிய நெருப்பு, அண்டையிலுள்ள மைசூரில் தன் வலிமையைக் காட்டியது. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் உடையார் மரபினருக்காக மைசூரில் கட்டப்பட்ட மர அரண்மனை, 1897-இல் இளவரசியின் திருமணக் காலத்தில் தீக்கிரையாயிற்று. புதிய அரண்மனைக்கு வரைபடம் தருமாறு அழைக்கப்பட்டவர், சென்னை உயர்நீதிமன்றக் கட்டடப் பணியில் பெயர் பெற்ற ஹென்றி இர்வின். 1912-இல் முடிவுற்ற அம்மாளிகைக்கு 41 லட்சத்து 47 ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. கருங்கல்லும் செங்கல்லும் அதன் உடல். கல்யாண மண்டபத்தைத் தாங்குபவையோ கிளாஸ்கோ நகரிலிருந்து வந்த வார்ப்பிரும்புத் தூண்கள். ஆயினும் கதவுகளிலும் விதானங்களிலும் மர வேலைப்பாடு மீண்டும் இடம்பெற்றது. தீயில் வெந்த அனுபவத்துக்குப் பின்னும் தச்சரை அந்த அரண்மனை வெளியே அனுப்பவில்லை.

பெங்களூருக்குத் திரும்புவோம். 1799-க்குப் பின் திப்புவின் மர மாளிகையே அரசாங்கச் செயலகமாக இயங்கிவந்தது. அலுவல்கள் பெருகவே, 1864-இல் புதிய கட்டடம் தொடங்கி 1868-இல் முடிந்தது. செந்நிறச் சுவர்களும் பெருந்தூண்களும் கொண்ட அக்கட்டடத்தில் 18 துறைகள் குடியேறியமையால் ‘அட்டார கச்சேரி’ என்னும் பெயர் வந்தது. இன்று அது கர்நாடக உயர்நீதிமன்றம். இதனைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ராவ் பகதூர் ஆர்க்காடு நாராயணசுவாமி முதலியார் என்னும் தமிழர். தாம் ஈட்டிய செல்வத்தை அவர் கல்வி அறத்துக்கு அளித்தார். 1873-இல் ஏழைச் சிறுவருக்காகப் பள்ளி தொடங்கினார். 1980-களில் இக்கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிது கட்ட எண்ணம் எழுந்தபோது நகர மக்கள் எதிர்த்தனர்; கட்டடம் பிழைத்தது.

பெருமாளிகைகள் மட்டும் வரலாறாகா. அக்காலப் பெங்களூர்த் தண்டுப் பகுதியிலும் பேட்டையிலும் எழுந்த பல வீடுகளின் கூரை, சென்னைப் பட்டணத்துப் பெயரையே தாங்கிய ‘மெட்ராஸ் ஒட்டு’. தேக்கு உத்தரங்களின்மேல் தேக்குச் சட்டங்களைச் சிறு இடைவெளியில் பரப்புவர். மெல்லிய செங்கற்களை விளிம்பு நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டுவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளிப்பதுண்டு. முடிவில் தட்டோடு பதிப்பர். இக்கூரையில் மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் தத்தம் வேலையைப் பகிர்ந்துகொண்டன. வளைவைத் தாங்கும் ஆற்றல் மரத்துக்கு. வெயிலையும் மழையையும் தடுக்கும் ஆற்றல் மேலுள்ள கனமான பரப்புக்கு.

இதற்கிடையே இரும்பு வந்தது. இலண்டனில் 1851-இல் எழுந்த பளிங்கு மாளிகையை நினைவூட்டும் வகையில் லால்பாக் தோட்டத்தில் கண்ணாடி மாளிகை அமைந்தது. 1889 நவம்பர் 30-இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அதற்கு அடிக்கல் நாட்டினார். தோட்டத்தின் தலைவராக இருந்த ஜான் கேமரான் அதன் கருத்தை வகுத்தவர். வார்ப்பிரும்புப் பகுதிகள் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்தன. சுவரே இல்லாமல் ஒரு மண்டபம் நிற்கக்கூடும் என்பதை நகர மக்கள் அப்போது கண்டனர்.

மைசூர் அரசு 1923-இல் பத்ராவதியில் தன் சொந்த இரும்பாலையைத் தொடங்கியது. சர் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவின் முயற்சி அதன் பின்னே இருந்தது. அருகில் நிலக்கரி இல்லாமையால், சுற்றியிருந்த காடுகளின் மரத்தைக் கரியாக்கி அதைக் கொண்டே இரும்பை உருக்கினர். மரத்துக்கு மாற்றாக வந்த இரும்பு, அங்கே மரத்தையே உண்டு பிறந்தது. காட்டைக் காக்க இரும்பைக் கையாள்வோம் என்று சொல்வோர் இதனை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பொருளும் வெறும் காற்றிலிருந்து வருவதில்லை.

சிமென்ட்டின் வருகை தாமதமானது. 1904-இல் சென்னையில் நடந்த உற்பத்தி முயற்சி நிலைக்கவில்லை; 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே இந்திய சிமென்ட்டுக்கு அடித்தளமிட்டது. 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையைச் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் சேர்ந்த சுர்க்கிச் சாந்தால் கட்டினர். பின்னர் சிமென்ட் மலிந்தபோது கான்கிரீட் எல்லாவற்றையும் வென்றது. அதன் இயல்பு எளிமையானது. அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட் வலியது. இழுப்பைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை உள்ளே வைக்கும் எஃகுக் கம்பி நிறைவு செய்கிறது. வெப்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் கூட்டு பிரிவதில்லை. ஆனால் உள்ளே நீர் புகுந்து கம்பி துருப்பிடித்தால், துரு பருத்து கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

கான்கிரீட் பரவிவந்த அதே காலத்தில் கல்லுக்கும் ஒரு பெருநாள் வாய்த்தது. 1951 ஜூலை 13-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, முதலமைச்சர் கெங்கல் ஹனுமந்தய்யாவின் ஊக்கத்தாலும் தலைமைப் பொறியாளர் பி. ஆர். மாணிக்கத்தின் திறத்தாலும் விதான சௌதா 1956-இல் நிறைவெய்தியது. சுமார் 5,000 தொழிலாளரும், 1,500 கல்தச்சர், கொத்தர், மரச் சிற்பியரும் உழைத்தனர். தொழிலாளருள் பெரும்பாலோர் சிறைக் கைதிகள்; பணி முடிந்ததும் அவர்கள் விடுதலை பெற்றனர். கருங்கல்லாலான அம்மாளிகையிலும் அமைச்சரவைக் கூடத்தின் கதவு சந்தன மரம்!

கான்கிரீட் தீயை அஞ்சாது, காலத்தையும் அஞ்சாது என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவியது. சென்னை அண்ணா சாலையில் 1959-இல் எழுந்த பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் 1975-இல் தீப்பற்றி எரிந்தபோது, சட்டகம் தாங்கி நின்றது, செப்பனிட்டுப் பயன்படுத்தினர். ஆனால் 1983-இல் பெங்களூரில், கட்டிக்கொண்டிருந்த கங்காராம் கட்டடம் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2010-இல் கார்ல்டன் டவர்ஸ் தீவிபத்தில் கான்கிரீட் எரியவில்லை. எனினும் புகையில் சிக்கி ஒன்பது உயிர்கள் போயின. பொருள் உறுதியானது என்பதாலேயே உள்ளிருப்பவருக்குக் காவல் கிடைத்துவிடாது. அளவறிந்து கலக்கும் கொத்தனாரும், கணக்கறிந்து ஒப்பமிடும் பொறியாளரும், திறந்து கிடக்கும் மாடிப்படியும் சேர்ந்தால்தான் அது வீடு.

மரத்தின் கதை இதற்குள் சட்டத்தின் கைக்குச் சென்றுவிட்டது. காடுகள் அழிவதைக் கண்டு, மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரத்தின் பயன்பாட்டைத் தடுத்தது. 1996-இல் கோதவர்மன் வழக்கில் உச்சநீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2020-இல் பொதுப்பணித் துறை தன் தடையை நீக்கியது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர்க்கு இங்கே ஒரு சொல் உறுத்தும். தமிழில் நின்றாலும் மரம், அறுத்தாலும் மரம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள் உண்டு. நிற்கும் மரத்தைக் காப்பதும் அறுத்த மரத்தை விலக்குவதும் ஒன்றே என்ற மயக்கத்துக்குச் சொல்லும் ஓரளவு துணைபோகிறது. நட்டு, வளர்த்து, வெட்டி, மீண்டும் நடும் தோட்டத்து மரம் வேறு. ஒருமுறை போனால் திரும்பாத காடு வேறு.

இவ்வேறுபாட்டை ஆராயும் நிலையங்கள் பெங்களூரிலேயே உள்ளன. 1938-இல் மைசூர் அரசின் வன ஆய்வுக்கூடமாகத் தோன்றியது, 1988 முதல் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக மல்லேசுவரத்தில் இயங்குகிறது. ஒட்டுப்பலகைத் தொழிலுக்கெனத் தனி ஆய்வு நிறுவனம் 1962-இல் இங்கு அமைந்தது. பலகைகளை அடுக்கி ஒட்டிய பொறியியல் மரத்தைக் கொண்டு, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022-இல் 25 மாடிக் கட்டடமே எழுந்தது. தீயைப் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. பருத்த உத்தரம் மணிக்குச் சுமார் 40 மில்லிமீட்டர் ஆழம் கருகும். அக்கரியே உள்மரத்துக்குக் கவசமாகும். காப்பில்லாத எஃகோ 550 முதல் 600 பாகை வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி வலிமையை இழந்து வளையும். உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியால் வருகிறது என்பதையும் இத்துடன் எண்ண வேண்டும். 2022 நவம்பரில் திறந்த கெம்பேகவுடா விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில், எஃகுச் சட்டகத்தின்கீழ் மூங்கில் விதானமாகப் படர்ந்திருக்கிறது. ஒன்று தாங்க, மற்றொன்று நிழல் தரும் பழைய பங்கீடு மீண்டும் வந்திருக்கிறது.

உதகமண்டலத்துப் புனித ஸ்தேவான் தேவாலயத்தின் பெரும் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையொன்றிலிருந்து கழற்றி மலையேற்றிக் கொண்டுவரப்பட்டவை. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது இது. ஒரு மன்னனின் மாளிகையைத் தாங்கிய மரம், இரு நூற்றாண்டுகளாக ஒரு வழிபாட்டிடத்தைத் தாங்கிவருகிறது. கான்கிரீட்டை இடித்தால் எஞ்சுவது பெரும்பாலும் இடிபாடும் பழைய கம்பியுமே.

பிழைப்புக்காக வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்குச் சொந்த ஊரில் பழைய வீடொன்று பூட்டிக் கிடக்கிறது. அதை இடித்துக் கான்கிரீட் மாடி எழுப்பும் எண்ணம் எவருக்கும் எழக்கூடியது, அதில் தவறுமில்லை. ஆனால் கடப்பாரை விழுமுன் ஒரு நல்ல தச்சரை அழைத்து, உத்தரத்தையும் நிலைக்கதவையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உளுத்தது எது, உறுதியானது எது என்று அவர் கூறுவார். காரைக்குடிக் கடைகளில் பழைய தூண்களும் கதவுகளும் நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றின் மதிப்பை வாங்குவோர் நன்கு அறிவர். விற்பவரும் அறிந்திருத்தல் நலம். தொம்மலூரில் இரண்டு நிலைக்கால் தந்தவரின் பெயர் 750 ஆண்டுகளாக நிற்கிறது. பாட்டனார் நிறுத்திய நிலைக்கால் உறுதியாக இருக்குமானால், புதிய வீட்டின் வாசலிலும் அது நிற்கட்டும்.