நிலவுக்குச் செய்த எஞ்சின்

ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டித் திருச்செந்தூர் வழியாகத் தெற்கே போனால் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரியில் அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்த வட்டாரத்தில் ராக்கெட் பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது. அங்கிருந்து கிளம்பப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட். பெரும்பாலும் திட எரிபொருளே அதற்குப் போதும். கனமான செயற்கைக்கோளை உயரத்துக்குக் கொண்டுபோகத்தான் கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின் வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கும் மகேந்திரகிரியும் நம் தென்கோடியில்தான் இருக்கிறது. இந்தியாவுக்கு வந்த முதல் கிரையோஜெனிக் எஞ்சினின் பெயர் கே.வி.டி-1. கம்யூனிச ஆட்சி போய்ச் சந்தைக்கு மாறிய ரஷ்யா பட்ட பாடு அதன் கதையில் அப்படியே இருக்கிறது.

அது பிறந்தது 1960-களில், மாஸ்கோ அருகே ஐசயெவ் வடிவமைப்புக் கூடத்தில். சோவியத்தின் நிலவுத் திட்டத்துக்காகச் செய்தது. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். இரண்டையும் இழுத்துத் தள்ளும் டர்போ பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 40,000 முறை சுழலும். ஒரு பக்கம் உறையும் குளிர், கைக்கெட்டும் தூரத்தில் உலோகத்தை உருக்கும் தீ. நிலவுத் திட்டம் கைவிடப்பட்டதால் எஞ்சின் பறக்காமலே முடங்கியது.

1991 ஜனவரியில் அதற்கு ஆள் கிடைத்தது. எஞ்சின்களோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்து 235 கோடி ரூபாய்க்கு இஸ்ரோவுக்குத் தர சோவியத் விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மாஸ் ஒப்புக்கொண்டது. அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் கேட்ட விலை இதைவிடப் பல மடங்கு. அதே ஆண்டு டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது.

1992 ஜனவரி 2 அன்று ரஷ்ய அதிபர் எல்த்சினின் அரசு விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஓராண்டில் விலைவாசி இருபது மடங்குக்கும் மேல் ஏறி, ஆயுட்காலச் சேமிப்பெல்லாம் கரைந்தது. ஏப்ரலில் ஜி-7 நாடுகள் ரஷ்யாவுக்கு 2,400 கோடி டாலர் உதவித் திட்டத்தை அறிவித்தன. மே மாதம் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டைக் காட்டி இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் அமெரிக்கா இரண்டாண்டுத் தடை போட்டது. கிரையோஜெனிக் எரிபொருளை நிரப்பிக் குளிர வைக்கவே நெடுநேரம் ஆகும். அவசரத்துக்கு ஏவும் ஏவுகணைக்கு இது ஒத்துவராது. இந்தியாவின் அந்த வாதம் எடுபடவில்லை. ரஷ்யாவுக்கான உதவியை இந்த விற்பனையோடு முடிச்சுப்போடும் திருத்தத்தை அமெரிக்க செனட் குழுவில் கொண்டுவந்தவர் ஜோ பைடன்.

1993 ஏப்ரலில் வான்கூவரில் அமெரிக்க அதிபர் கிளின்டன் ரஷ்யாவுக்கு 160 கோடி டாலர் உதவி அறிவித்தார். ஜூலையில், தொழில்நுட்பம் தர முடியாது என்று ரஷ்யா கையை விரித்தது. செப்டம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ரஷ்யாவுக்கு இடம் தர உடன்பாடு கையெழுத்தானது.

ரஷ்யாவுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சீர்திருத்தத்துக்குக் கொடுத்த உதவியில் ஒரு பங்கு இந்தியாவின் கணக்கில் பற்று எழுதப்பட்டது; பேரம் நடந்த மேசையில் இந்தியாவுக்கு நாற்காலி இல்லை.

மறுபேச்சுக்குப் பிறகு முழுமையாகச் செய்த ஏழு கிரையோஜெனிக் நிலைகள் வந்தன, செய்முறை வரவில்லை. 2001 ஏப்ரல் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஏறியபோதுதான் கே.வி.டி-1 முதல்முறையாக விண்ணைத் தொட்டது. ஏழில் ஆறு பறந்தன. நாமே செய்த எஞ்சின் 2010-இல் தோற்று, 2014 ஜனவரி 5 அன்று வென்றது. அதன் பின் வந்த சி.இ-20, ரஷ்ய வடிவத்திலிருந்து விலகிய வேறொரு வடிவம்.

2022-இல் உக்ரைன் போரால் ரஷ்ய ராக்கெட்டை இழந்த பிரிட்டனின் ஒன்வெப் நிறுவனம் இஸ்ரோவைத் தேடி வந்தது. அக்டோபரில் அதன் 36 செயற்கைக்கோள்களை மேலே சேர்த்தது சி.இ-20 பொருத்திய ராக்கெட். முப்பது ஆண்டுக்கு முன் எந்தத் தொழில்நுட்பம் இந்தியாவுக்கு ஆகாது என்று மேற்கு தடுத்ததோ, அதற்கே கட்டணம் கட்டி வரிசையில் நின்றது மேற்கத்திய நிறுவனம்.