உப்பு நம்மளுது, ரொட்டி யாரோடது?

போன ஞாயித்துக்கிழமை எங்க பெரியப்பா வீட்டுல ஒரு பஞ்சாயத்து. பேரன் பன்னெண்டாவது முடிச்சுட்டு, பிரெஞ்சு ரொட்டியும் சமையலும் படிக்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். பெரியப்பா, மரக்காணம் உப்பளத்துல காலம் பூரா உப்பு வாரின மனுஷன். "வெள்ளைக்காரன் ரொட்டிய அவன் சுட்டாத்தான்டா ருசி. உன்னை எவன் உள்ள விடுவான்?"னு ஒரே சத்தம். நான்தான் வீட்டுல சரித்திரக் கிறுக்கனாச்சே, தீர்ப்பு சொல்லச் சொன்னாங்க. அங்க சொன்னதை இங்க கொஞ்சம் விரிச்சு எழுதறேன்.

முதல்ல நம்ம மண்ணு. சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடினது. அவனோட கிடங்கில் இன்னைக்குத் திண்டிவனத்தோட சேர்ந்து கிடக்கு. அதுல வர்ற எயிற்பட்டினம் நம்ம மரக்காணம்தான்னு அறிஞர்கள் பலர் சொல்றாங்க. அங்க போற பாணருக்குப் பரதவர் தர்றது கள்ளும் சுட்ட மீனும். சுத்தமான உள்ளூர்ச் சாப்பாடு. ஆனா அரண்மனைக்குள்ள போனதும் இலை மாறிடுது. பீமன் எழுதினதாச் சொல்ற சமையல் நூல்படி, கொஞ்சமும் பிசகாம சமைச்ச பலவகை உணவைப் பொன் கலத்துல வெச்சு மன்னனே பரிமாறறானாம். பீமன் எங்க, திண்டிவனம் எங்க! அப்போ அந்த வடக்கத்திச் சமையலைக் கத்துக்கிட்ட ஒரு ஆளு இங்க இருந்திருக்கணும்ல? அவர் பேரு மட்டும் பாட்டுல இல்ல.

அடுத்தது பாண்டிச்சேரி. நம்ம வானூருக்குப் பக்கத்துலயே 1674-ல வந்து உக்காந்த பிரெஞ்சுக்காரங்க, நிர்வாகத்தைக் கைமாத்தினது 1954 நவம்பர் 1-ல. துரை வீட்டுக் குசினியில கரண்டி பிடிச்சவங்க நம்மாளுங்கதான். சாப்பிட்டவங்க பேரு தெருவுக்கெல்லாம் இருக்கு, சமைச்சவங்க பேரைத் தேடித்தான் பார்க்கணும். குசினிங்கிற வார்த்தைகூட போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போனது. இது யாழ்ப்பாணத்துலயும் உண்டு. அங்க ரொட்டிக்குப் பேரு பாண், அதைச் சுடற அடுப்புக்குப் பேரு போறணை. ரெண்டும் அதே போர்ச்சுகீசியர் கொடுத்ததுதான்.

இந்தப் பாணும் போறணையும் தெரிஞ்ச ஈழத்துச் சனம், 1983-க்கு அப்புறம் அகதியா பாரிசுக்குப் போச்சு. நிறைய பேருக்கு முதல்ல கிடைச்சது ஓட்டல் பின்கட்டுல கோப்பை கழுவுற வேலை. கழுவுன கையே அப்புறம் காய் நறுக்கி, அடுப்புக்கு ஏறுச்சு. 'தீபன்' (2015) படத்துல நாயகனா நடிச்ச எழுத்தாளர் ஷோபாசக்திகூட கோப்பை கழுவி, சமையல்காரரா இருந்தவர்தான்.

அந்த வழியில அடுத்து வந்தவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையில பிறந்து 2006-ல பிரான்ஸ் போனார். பாரிஸ் மாநகராட்சி 1994-லேர்ந்து வருஷா வருஷம் நடத்துற சிறந்த பகெத் போட்டியில 2023-ல முதல் பரிசு இவருக்கு. பகெத்னா நம்ம கை நீளத்துக்கு இருக்குமே, அந்த ரொட்டி. பரிசு 4,000 யூரோ. அதோட, ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுக்கற உரிமை. இவருக்கு முன்னாடியே செனகல்ல பிறந்த ஜிப்ரில் போதியான் 2010, 2015-னு ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கார்.

நான் பெரியப்பாகிட்ட அழுத்திச் சொன்னது ஒண்ணுதான். அந்தப் போட்டியில ரொட்டிக்கு நம்பர் மட்டும்தான் இருக்கும். சுட்டது யாரு, எந்த நாடு, என்ன நிறம்னு சாப்பிட்டுப் பார்க்கற நடுவருக்குத் தெரியாது. அதே சமயம் பையன்கிட்டயும் சொன்னேன்: 2006-க்கும் 2023-க்கும் நடுவுல பதினேழு வருஷம் இருக்குடா, அதையும் எண்ணிக்கோ.

பெரியப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அதுல என்னதான் போடறாங்க?"ன்னார்.

"மாவு, தண்ணி, ஈஸ்ட், உப்பு. 1993-ல போட்ட சட்டப்படி அந்த பாரம்பரிய ரொட்டியில வேற மருந்து எதுவும் கலக்கக்கூடாது."

"உப்பு எவ்வளவு?"

"போட்டி விதிப்படி கிலோ மாவுக்கு 18 கிராம்."

உள்ள போய் ஒரு கை உப்பு அள்ளிட்டு வந்தார். உள்ளங்கையில குலுக்கி, கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் கொட்டி, மிச்சத்தைப் பேரன் கையில வெச்சார். "இவ்வளவுதான் இருக்கும். நிறுத்துப் பாரு."

தராசு தேடிக்கிட்டு பையன் பக்கத்துக் கடைக்கு ஓடினான். காலேஜ் ஃபீஸ் பத்தி இன்னும் பேச்சு எடுக்கல. எடுப்பார்னு நினைக்கிறேன் :-)