நகரத்தில் அடையும் கிளிகள், காட்டில் இறங்கும் கிளிகள்

சாயங்காலம் கோவைப் பக்கம் பெரிய சாலையோர மரங்களின் கீழ் நின்றால், கூட்டம் கூட்டமாகப் பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டே வந்து அடைவதைப் பார்க்கலாம். விடிந்ததும் இவை இரை தேடி நாலா பக்கமும் கிளம்பும். சூலூர், அன்னூர், பல்லடம் பக்கம் சோளமோ சூரியகாந்தியோ போட்டிருந்தால், உங்கள் காடும் அந்த வழியில் இருக்கலாம்.

லண்டனிலும் பிரஸ்ஸல்ஸிலும் இன்று கூட்டமாகப் பறப்பது இதே இனம்தான். அங்கே அவை கூண்டிலிருந்து தப்பியவை, திறந்துவிடப்பட்டவை ஆகியவற்றின் வாரிசுகள். இங்கே கிளி வந்தேறி அல்ல, நம் மண்ணின் பறவை. பட்டுப்போன தென்னை, பனை, பழைய மரங்களின் பொந்துகளில்தான் முட்டையிடும். அந்த மரங்கள் எங்கே மிஞ்சியிருக்கின்றனவோ, ஊரானாலும் நகரமானாலும், கிளி அங்கேதான் இருக்கும்.

கிளி தின்பதைவிடச் சிந்துவது அதிகம். கதிரை ஒடித்து, நாலு மணி கொறித்துவிட்டுக் கீழே போட்டு அடுத்ததற்குப் போய்விடும். சோளம், மக்காச்சோளம், கம்பு ஆகியவற்றில் பால் பிடிக்கும் பருவம் முதல் அறுவடை வரையும், சூரியகாந்தியில் விதை பிடிக்கத் தொடங்கியதிலிருந்தும் காவல் தேவை. காலையில் முதல் மூன்று மணி நேரமும், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும்தான் தொந்தரவு அதிகம். ஆள் கூலி கொடுக்க முடியாதவர்கள் அந்த நேரத்துக்கு மட்டுமாவது காவல் வையுங்கள்.

சேதம் பெரும்பாலும் வரப்போர வரிசைகளில் தொடங்கும். மக்காச்சோளத்தில் ஓரத்து மூன்று நான்கு வரிசைக் கதிர்களை அந்தச் செடியின் இலையாலேயே சுற்றிவிடுவது செலவில்லாத வழி. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமாக மின்னும் நாடாவை, பயிருக்கு ஓரடி மேலே, இரண்டு மூன்று முறுக்குப் போட்டு, சுமார் ஐந்து மீட்டருக்கு ஒரு வரிசையாகக் கட்டலாம். காற்றும் வெயிலும் இருந்தால் நன்றாக வேலை செய்யும். மூட்டமான நாளில் அதை நம்ப வேண்டாம். தகரம் தட்டுவதும் வெடி போடுவதும் சில நாளைக்குத்தான், கிளி பழகிவிடும். இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். சோளக்கொல்லைப் பொம்மைக்கும் இதே கதைதான்.

விதைக்கும்போதே பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் பேசி, ஒரே வாரத்தில் விதையுங்கள். தனியாக ஒரு ஏக்கர் முன்னால் முற்றினால், சுற்றுவட்டாரக் கிளிகள் எல்லாம் அங்கேயே விழும். மாட்டுத் தீவனத்துக்காகச் சோளத்தட்டு போட்டவர்களுக்குக் கவலை குறைவு. பூக்கும் பருவத்தில் அறுத்துவிட்டால் கிளிக்கு அங்கே வேலையில்லை.

விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, குஞ்சு எடுத்து விற்பது எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் கூண்டில் வளர்ப்பதும் அப்படியே. பழத்தோட்டத்துக்கு வலை கட்டுபவர்கள் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, காலையும் மாலையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பறவை சிக்கியிருந்தால் நூலை அறுத்து உடனே விட்டுவிடலாம், இறக்கையில் அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.