வௌவாலின் வழியில் ஒரு கைத்தடி

பார்வையிழந்த ஒருவர் கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டித் தெருவில் நடந்து செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தடி அவருக்கு என்ன சொல்கிறது? பள்ளம், படி, கல், சுவர் ஆகியவற்றைத் தொட்டுக் காட்டுகிறது. ஆனால் திறந்து கிடக்கும் சன்னல் கதவையோ, தாழ்ந்து தொங்கும் மரக்கிளையையோ, நிறுத்தி வைத்த லாரியின் பின்பக்கத்தையோ அது காட்டுமா? காட்டாது. தடி அவற்றின் அடியில் தடையின்றிப் போய்விடும். அடி விழுவது நெற்றியில்! இந்தக் குறையைப் போக்க எழுந்த முயற்சிகளின் வரலாற்றைக் காண்போம்.

கைத்தடி மிகப் பழமையானது. அதன் வெள்ளை நிறமோ புதியது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர் விபத்தொன்றில் பார்வையிழந்தார். வண்டி ஓட்டுவோர் தம்மை எளிதில் கண்டுகொள்வதற்காக, 1921-ல் அவர் தம் தடிக்கு வெள்ளை வண்ணம் பூசினார். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக, அமெரிக்காவில் ரிச்சர்டு ஹூவர் என்பவர் ஒரு நடைமுறையை வகுத்தார். நீண்ட தடியை இடமும் வலமும் மாறி மாறி வீசி, அடுத்த அடி வைக்கும் இடத்தை முன்கூட்டியே ஆராயும் முறை அது.

இவ்வாறு தரை வசப்பட்டது. முழங்காலுக்கு மேலே உள்ள தடைகளை அறிவது எப்படி? இதற்கு வழிகாட்டியது வௌவால். பார்வையிழந்த வௌவால்கூட எதிலும் மோதாமல் பறப்பதை 1793-ல் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி கண்டார். காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. நம் செவிக்கு எட்டாத மீயொலியை வௌவால் எழுப்புகிறது என்பதை 1938-ல் அமெரிக்காவில் டொனால்டு கிரிஃபின் கண்டறிந்தார். அதன் எதிரொலியே வௌவாலுக்கு வழிகாட்டுகிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியாயிற்று.

1960-களில் லெஸ்லி கே என்னும் பொறியாளர் இந்த உத்தியைக் கொண்டு, கைவிளக்குப் போல் பிடித்துக்கொள்ளும் கருவி ஒன்றை அமைத்தார். அது எதிரொலியைக் கேட்கக்கூடிய ஓசையாக மாற்றிச் செவிக்கு அளித்தது. ஆனால் வண்டியின் இரைச்சலையும் மனிதர் பேச்சையும் கேட்டே நடப்பவருக்குச் செவியல்லவா கண்! அதையும் கருவிக்கே கொடுத்துவிட முடியுமா? பின்னர் அதிர்வால் உணர்த்தும் தடிகள் வெளிநாடுகளில் வந்தன. அவற்றின் விலையோ பல பத்தாயிரம் ரூபாய்.

தில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் குழுவினர் இந்த இடத்திலிருந்துதான் திட்டமிடத் தொடங்கினர். புதிய தடி தேவையில்லை. வழக்கமான வெள்ளைத் தடியின் பிடியில் பொருத்தும் கருவியே போதும் என்று முடிவு செய்தனர். கருவி பழுதுற்றாலும் தடி கையில் இருக்கும். பழகிய நடையையும் மாற்ற வேண்டியதில்லை. செய்தி செவிக்கன்றி உள்ளங்கைக்கு அதிர்வாகச் செல்லும். மின்கலத்தை மீண்டும் மீண்டும் மின்னேற்றிக் கொள்ளலாம்.

அது வேலை செய்யும் விதம் எளியது. 3 மீட்டர் தொலைவில் ஒரு கிளை இருப்பதாகக் கொள்வோம். ஒலி போய்த் திரும்பும் தொலைவு 6 மீட்டர். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. எனவே எதிரொலி வர ஒரு வினாடியில் ஏறத்தாழ 57-ல் ஒரு பங்கு நேரமே ஆகும். இந்த நேரத்தை அளந்து கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. தொலைவுக்கேற்ப அதிர்வின் தன்மை மாறுகிறது.

பார்வையிழந்தோரிடையே பணிபுரியும் சக்ஷம் அமைப்பும், பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும், சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனமும் இப்பணியில் கைகோத்தன. 2014-ல் ‘ஸ்மார்ட்கேன்’ என்ற பெயரில் அது வெளிவந்தபோது விலை சுமார் 3000 ரூபாய்.

மீயொலியின் இயல்பு தில்லியில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அது முன்பே அறிந்ததே. யார் வாங்குவார், அவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற கேள்வியை முதலிலேயே கேட்டதுதான் அங்கு நிகழ்ந்த புதுமை. விலையையும் பொறியியல் கணக்கில் ஓர் அளவாகச் சேர்த்துக்கொண்டால், ஆய்வுக்கூடத்து அறிவு தெருவில் நடப்பவர் கைக்கு வந்து சேரும்.