கருவேம்பு அன்று, கறிவேம்பு

'கருவேப்பிலை' என்று எழுதுவோர் அதற்கு ஒரு காரணமும் கற்பித்துவிட்டார்கள்: பழம் கறுப்பு, ஆகவே கரு + வேம்பு. மறுக்காமல் விட மனம் ஒப்பவில்லை.

இம்மரத்துக்கு வேம்பு என்னும் பெயர் வந்ததே இலையின் சாயலால். தாவர நூலார் இதை வேம்போடு சேர்ப்பதில்லை. எலுமிச்சை, வில்வம் இவற்றின் குடும்பத்தில் வைக்கிறார்கள். இலையைப் பார்த்து இட்ட பெயருக்குப் பழத்தின் நிறம் எங்ஙனம் அடையாகும்? சமையலுக்கு ஆவதைக் 'கறி' என்று அடைகொடுத்துப் பிரிப்பதே நம் வழக்கம். பூசுவது கஸ்தூரி மஞ்சள், குழம்பில் சேர்வது கறிமஞ்சள். கறியுப்பு, கறிப்பலா இரண்டும் அவ்வாறே.

மலையாளத்தார் இன்றும் வல்லின றகரத்தோடு 'கறிவேப்பில' என்கிறார்கள். கன்னடக் 'கரிபேவு' சான்றாகாது. அங்கே றகரம் ரகரத்தில் கலந்து பல நூற்றாண்டாயிற்று. உகரம் வந்ததோ பின்னுள்ள வகரத்தின் இழுப்பால். பிட்டு புட்டானதும் பிடவை புடவையானதும் இதழொலியின் வேலைதானே! மருத்துவ நூல்களில் கருவேம்பு உண்டே என்பர். பேச்சிலிருந்து ஏட்டில் ஏறியது அது.

இனி, கறி. சங்க நூல்களில் அது மிளகு. அகநானூற்று யவனர் முசிறியில் பொன்னைக் கொடுத்து ஏற்றிச் சென்றதும், பட்டினப்பாலைத் துறையில் மூட்டையாய்க் கிடந்ததும் அதுவே. மிரியல் என்றொரு பெயரும் இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் கழுதைகள் அதைச் சுமந்து செல்கின்றன. போர்த்துகீசியர் வரவுக்குப் பின் அமெரிக்கக் காய் ஒன்று வந்தபோது, மிளகின் காரம் கண்டு மிளகாய் என்றார்கள். கறி என்ற பெயரோ மிளகை விட்டு, மிளகிட்டுச் சமைத்ததன்மேல் போயிற்று. வைணவர் இல்லத்துக் கறியமுதும் யாழ்ப்பாணத்து மரக்கறியும் அந்தப் பொருளைக் காத்து நிற்கின்றன. 'கறித்தல்' என்னும் வினையிலிருந்து நேரே காய்கறிக்குத் தாவுவோர்க்கு ஒரு சொல்: கடித்துத் தின்பவை எல்லாம் கறி ஆகவில்லை.

பெரும்பாணாற்றுப்படையின் அந்தணர் மனைக்கு வாருங்கள். மாதுளம்பிஞ்சைப் பிளந்து, மோரில் எடுத்த வெண்ணெயில் வேகவிட்டு, மிளகுப்பொடியும் கஞ்சகத்தின் நறுந்தளிரும் கலக்கிறார்கள். கஞ்சகம் கறிவேம்பு என்பது உரை. இன்றைய வாழைக்காய்க் கறியும் ஏறக்குறைய இதுதான். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து ஓய்ந்து, உளுத்தம்பருப்பு சிவந்தபின் இலையை உருவிப் போடுகிறோம். ஈரம் பட்டு எண்ணெய் படபடக்கிறது. அந்த நொடியில் மணம் எழுகிறது. முந்திப் போட்டால் இலை கருகி மணம் போய்விடும். பிறகு காய், இறக்கும்போது மிளகுப்பொடி.

கறியும் அதன் தழையும் ஒரே சட்டியில் சேர்ந்த அந்த அடுக்களை வழக்கே கறிவேம்பு என்ற பெயரைத் தந்தது என்பது என் துணிபு. அகராதி செய்வோர் கருவேம்பை மரூஉ என்றே குறிக்க வேண்டும்.