புழுவெட்டு

புழுவெட்டு, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மயிர்க்கால்களைத் தாக்குவதால் முடி திட்டுத்திட்டாக உதிரும் நோய். மருத்துவப் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் வருகிறது. எந்த வயதிலும் வரலாம். பெரும்பாலோருக்கு நாற்பது வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. புழு, பூஞ்சை, கிருமி எதுவும் இதற்குக் காரணமில்லை. சீப்பு, துண்டு, தலையணை வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தொற்றிவிடும் என்று பயந்து ஒரு பிள்ளையை வகுப்பில் தனியே உட்கார வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

வலியோ அரிப்போ பெரிதாக இல்லாமல் வருவதால் நோயாளிக்கே முதலில் தெரிவதில்லை. முடிதிருத்துபவரோ, தலை பின்னிவிடும் அம்மாவோதான் கண்டுபிடிக்கிறார்கள்: நாணய அளவில், வட்டமாக, வழவழப்பான ஒரு வழுக்கைத் திட்டு. அங்கே செதில் இல்லை, சீழ் இல்லை, தழும்பும் இல்லை. தலையில் பூஞ்சைப் படை வந்திருந்தால் செதில் உதிரும், முடி ஒடிந்து நிற்கும். இரண்டையும் பிரித்தறிய இதுவே முதல் அடையாளம். திட்டின் ஓரத்தை டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கியில் பார்த்தால் சில மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டை முடிகள் தெரியும். நுனி தடித்து, வேரை நோக்கி வர வர மெலிந்து, வியப்புக்குறி வடிவில் இருக்கும். வளர்ந்துகொண்டிருந்த முடியை அடியிலிருந்து தாக்குதல் மெலியவைத்ததால் வந்த வடிவம் அது. இவை கண்ணில் பட்டால் நோய் இன்னும் பரவும் நிலையில் இருக்கிறது என்று பொருள். சிலருக்கு நகங்களில் நுண்குழிகள் விழும்.

தலையில் ஓரிரு திட்டுகளோடு நின்றுவிடுவதே அதிகம். இத்தகையவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் மருந்தில்லாமலே முடி முளைத்துவிடுகிறது. புருவம், இமை, தாடி, மீசையிலும் வரலாம். தலைமுடி முழுவதும் போவதும், உடல் முழுவதும் ஒரு முடிகூட இல்லாமல் போவதும் கடுமையான வகைகள். பிடரியையும் காதோரத்தையும் சுற்றிப் பட்டையாக உதிரும் வகை சிகிச்சைக்கு எளிதில் இணங்காது. சிறு வயதில் தொடங்குவதும் நகங்கள் பாதிக்கப்படுவதும்கூட நோய் நீடிக்கும் என்பதற்கான குறிகள்.

மயிர்க்காலில் நடப்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு இயல்பாக உள்ள ஒரு சலுகையை அறிய வேண்டும். உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும் தமக்குள் உருவாகும் புரதத் துணுக்குகளை எம்ஹெச்சி என்னும் மூலக்கூறில் ஏற்றி வெளிப்பரப்பில் காட்டுகின்றன. எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் அவற்றைச் சோதித்து, அயலானது என்று கண்டால் அந்தச் செல்லைக் கொல்கின்றன. வளர்ச்சிப் பருவத்தில் உள்ள மயிர்க்காலின் அடிக்குமிழோ இந்தத் துணுக்குகளை மிகக் குறைவாகவே காட்டுகிறது. டிஜிஎஃப் பீட்டா போன்ற அமைதிப்படுத்தும் புரதங்களையும் சுரக்கிறது. கண்ணின் உட்பகுதி, மூளை போன்ற சில இடங்களுக்கே இப்படி எதிர்ப்பு மண்டலத்தின் சோதனையிலிருந்து விலக்கு உண்டு.

புழுவெட்டில் அந்த விலக்கு குலைகிறது. சிடி8 வகை டி செல்கள் அடிக்குமிழைச் சூழ்கின்றன. திசுத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவர்கள், தேனீக்கூட்டம் மொய்த்ததைப் போல என்றே இந்தக் காட்சியை வர்ணிக்கிறார்கள். அந்தச் செல்கள் இன்டர்ஃபெரான் காமாவை வெளியிட, மயிர்க்கால் அதுவரை மறைத்துவைத்த துணுக்குகளை வெளிக்காட்டத் தொடங்குகிறது. கூடவே இன்டர்லூகின் 15 என்னும் புரதத்தையும் சுரக்கிறது. அது டி செல்களை மேலும் ஊக்குவிக்கிறது. தாக்குபவரும் தாக்கப்படுபவரும் ஒருவரையொருவர் தூண்டிவிடும் இந்தச் சுழல் ஜேக் என்ற நொதிகளின் வழியே நடக்கிறது. இன்றைய மருந்துகள் கைவைப்பது அங்கேதான்.

தாக்குதல் நிறமுள்ள முடியையே அதிகம் நாடும். நரைமுடி தப்பிவிடும், புதிதாக முளைப்பதும் முதலில் வெள்ளையாக வந்து பிறகு கறுக்கும். முடியின் நிறமி சார்ந்த புரதங்களே இலக்காக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, மயிர்க்காலின் மேற்பகுதியில் உள்ள, முடியைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் இந்நோயில் அழிவதில்லை. ஆகவே பல ஆண்டு வழுக்கையிலும் முடி திரும்ப வாய்ப்புண்டு. லைக்கன் பிளானோபிலாரிஸ் என்ற வேறொரு நோயில் அதே எதிர்ப்பு மண்டலம் அந்த மூலச் செல்களையே தாக்குகிறது. தழும்பு விழுந்த இடத்தில் முடி திரும்புவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் ஒட்டுண்ணி என்றும் நரம்புக் கோளாறு என்றும் இரு அணியாக வாதிட்டனர். டி செல்களின் பங்கை இஸ்ரேல் மருத்துவர் அமோஸ் கில்ஹார் குழு 1998-இல் நேரடியாகக் காட்டியது: எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகளின்மேல் நோயாளிகளின் தலைத்தோலை ஒட்டி, மயிர்க்கால் பொருளோடு வளர்த்த அவர்களுடைய டி செல்களைச் செலுத்தியபோது ஒட்டுத்தோலில் முடி உதிர்ந்தது. 2010-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்செலா கிறிஸ்டியானோ குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, டி செல்களை உசுப்பும் யுஎல்பிபி மரபணுக்களை அடையாளம் கண்டது. கிறிஸ்டியானோவுக்கே இந்நோய் உண்டு. முதல் வகை நீரிழிவோடும் முடக்குவாதத்தோடும் தொடர்புள்ள மரபணுக்கள் சிலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. தைராய்டு கோளாறும் வெண்புள்ளியும் இந்நோயாளிகளிடம் சற்று அதிகம் காணப்படுவது இதனோடு பொருந்துகிறது. மன அழுத்தம்தான் காரணம் என்பதற்கான சான்றுகள் ஒருமித்தவை அல்ல. "கவலைப்பட்டே வரவழைத்துக்கொண்டாய்" என்று நோயாளியைக் குறைசொல்வது அநியாயம்.

சில திட்டுகள் மட்டும் இருந்தால் டிரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டை மெல்லிய ஊசியால் தோலுக்குள் செலுத்துவது வழக்கம். சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஒவ்வோர் இடத்திலும் 0.1 மில்லிலிட்டர் அளவே போகும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்வார்கள். அளவு மிஞ்சினால் அந்த இடம் குழிவிழும். பரவலான நோய்க்கு டைஃபென்சிப்ரோன் என்ற வேதிப்பொருளால் வேண்டுமென்றே லேசான ஒவ்வாமையை வாரந்தோறும் உண்டாக்குவதும் உண்டு. முதலில் தலையின் ஒரு பாதியில் மட்டும் தடவுவார்கள். அந்தப் பாதியில் மட்டும் முடி வளர்ந்தால் அது மருந்தின் பலனே என்று உறுதியாகும்.

சின்ன வெங்காயத்தைத் தேய்க்கும் வீட்டு வைத்தியத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஈராக்கில் நடந்து 2002-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் இருவருக்கே முளைத்தது. பெரிய ஆய்வுகள் இல்லாமல் அதை நம்பியிருக்க முடியாது. ஆனால் குன்றிமணியை அரைத்துப் பூசவே கூடாது. அதிலுள்ள ஆப்ரின் கொடிய நஞ்சு. புண்பட்ட தோல் வழியே உடலுக்குள் போகலாம்.

பெரிய திருப்பம் 2014-இல் வந்தது. கிறிஸ்டியானோ குழு ரக்சோலிடினிப் கொடுத்த மூன்று பேருக்கு ஐந்து மாதங்களுக்குள் முடி ஏறக்குறைய முழுதும் திரும்பியது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரெட் கிங், உடல் முழுதும் முடியிழந்த 25 வயது இளைஞருக்கு டோஃபாசிடினிப் மூலம் முடி வளர்ந்ததை வெளியிட்டார். இரண்டும் ஜேக் தடுப்பான்கள். 2022 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடுமையான புழுவெட்டுக்குப் பாரிசிடினிப் மாத்திரையை அங்கீகரித்தது. தலையில் பாதி முடியேனும் இழந்தவர்களிடம் நடந்த இரு பெரும் ஆய்வுகளில், 36 வாரங்களில் தலையின் 80 சதவீதப் பரப்பிலாவது முடி பெற்றவர்கள் 4 மில்லிகிராம் எடுத்தோரில் 38.8, 35.9 சதவீதம், போலி மாத்திரை எடுத்தோரில் 6.2, 3.3 சதவீதம். 12 வயது நிரம்பியவர்களுக்கான ரிட்லெசிடினிப் 2023-இல் வந்தது.

இந்த மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. கடும் தொற்று, இரத்தக்கட்டு, இதயக் கோளாறு, புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையோடுதான் இவை வருகின்றன. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், உடலில் உறங்கும் காசநோய்க்கான சோதனையைத் தொடங்கும் முன்பே செய்தாக வேண்டும். கல்லீரல், இரத்த அணுக்கள், கொழுப்பு ஆகியவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் முடி மீண்டும் உதிர்கிறது. மருந்து டி செல்களின் பேச்சைத் தடுக்கிறதே தவிர, தோலில் தங்கிவிட்ட நினைவுச் செல்களை அகற்றுவதில்லை. மயிர்க்காலின் இழந்த விலக்கை நிரந்தரமாக மீட்டுத் தருவதுமில்லை.