முதலாமிடம் இல்லாத ஓட்டம்

செப்ரெம்பர் பிறந்ததும் ரொறொன்ரோவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் ரூனி தேடத் தொடங்கிவிடுவார்கள். ரூனி என்றால் இரண்டு டொலர் குற்றி. "அப்பப்பா, ரெறி பொக்ஸ் ஓட்டத்துக்கு ரூனி தாங்கோ" என்று பேத்தி கையை நீட்டுவாள். ஒரு கால் இல்லாத பெடியன் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்க வெளிக்கிட்ட கதை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தலைமுறை ஆட்களிடம் கேட்டால் "அது பள்ளிக்கூடத்தில பிள்ளையள் ஓடுறது" என்பதோடு கதையை நிறுத்திக்கொள்வார்கள். இத்தனை காலம் இந்த மண்ணில் வாழ்ந்துவிட்டு அந்தச் சரித்திரம் தெரியாமல் இருப்பது பெரிய குறை. அந்தக் குறை தீர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ரெறி பொக்ஸ் 1958 ஜூலை 28ஆம் திகதி வின்னிபெக்கில் பிறந்து, மேற்குக் கரையில் வன்கூவருக்கு அருகிலுள்ள போர்ட் கொக்குவிற்லத்தில் வளர்ந்தவர். கூடைப்பந்து என்றால் உயிர். 1977இல், பதினெட்டு வயதில், வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்தார்கள். அதற்கு முதல்நாள் இரவு அவருடைய பழைய பயிற்சியாளர் ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலோடு நியூயோர்க் மரதன் ஓடிய டிக் ட்றோம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. கால் போகப்போகிற இரவில் ஓட்டத்தைப் பற்றி வாசித்த அந்த இளைஞருக்கு அப்போதே எண்ணம் விழுந்துவிட்டது. அதன் பிறகு பதினாறு மாதங்கள் மருந்து ஏற்றினார்கள். அந்தப் புற்றுநோய் வாட்டில் கண்ட பிள்ளைகளைத் தன்னால் மறக்க முடியவில்லை என்று பின்னால் பல இடங்களில் சொன்னார். முன்பெல்லாம் இந்த நோய் வந்தவர்களில் மிகச் சிலரே தப்பினார்கள், சில வருட ஆராய்ச்சியால் அந்த வீதம் கூடியிருக்கிறது என்று வைத்தியர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். தன் உயிர் ஆராய்ச்சிக்குப் பட்ட கடன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

1980 ஏப்ரல் 12ஆம் திகதி நியூபவுண்ட்லாந்து தீவில் சென்ற் ஜோன்ஸ் துறைமுகத்தில் செயற்கைக் காலை அத்திலாந்திக் சமுத்திரத்தில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். இரண்டு போத்தல்களில் கடல்நீர் எடுத்துக்கொண்டார். ஒன்று நினைவுக்கு, மற்றது நாட்டின் மறுகரையில் பசிபிக்கில் ஊற்றுவதற்கு. சென்ற் ஜோன்ஸ் என்ற பெயர் எங்களுக்கும் புதிதல்ல. 1986 ஓகஸ்ட் மாதம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் விடப்பட்ட 155 ஈழத்தமிழரை நியூபவுண்ட்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். அந்தத் தமிழர் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டதும் இதே சென்ற் ஜோன்ஸில்தான். ரெறி அங்கிருந்து புறப்பட்டு ஆறு வருடம் கழித்து நாங்கள் அங்கே வந்து இறங்கினோம்.

அவர் ஓடிய விதம் படத்தில் பார்த்தவர்களுக்கு மறக்காது. அந்தக் காலத்துச் செயற்கைக் கால் ஓடுவதற்கென்று செய்ததல்ல. அது நிலத்தில் ஊன்றித் திரும்ப எழும்ப நேரம் பிடிக்கும். அதனால் நல்ல காலில் இரண்டு தரம் துள்ளி, செயற்கைக் காலில் ஒரு எட்டு வைப்பார். ஒரு நாளில் ஒரு மரதன், ஏறக்குறைய 42 கிலோமீற்றர். விடியும் முன் தொடங்குவார். நண்பர் டக் அல்வார்ட் வானை ஒரு மைல் முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருப்பார். வான் போர்ட் நிறுவனம் கொடுத்தது, பெற்றோல் இம்பீரியல் ஒயில், சப்பாத்து அடிடாஸ். ஆனால் எந்தப் பொருளுக்கும் விளம்பரம் செய்யமாட்டேன் என்று ரெறி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். வருகிற காசு ஒவ்வொன்றும் ஆராய்ச்சிக்குத்தான். நியூபவுண்ட்லாந்தை விட்டுப் போகும்போது போர்ட் ஓ பாஸ்க் என்ற துறைமுக ஊர், பத்தாயிரம் பேர் இருக்கிற ஊர், பத்தாயிரம் டொலர் சேர்த்துக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டொலர்! அதைக் கண்டபிறகுதான் கனடாவில் அப்போது இருந்த 2 கோடியே 40 இலட்சம் பேரும் ஆளுக்கு ஒரு டொலர் தரவேண்டும் என்ற இலக்கு அவர் மனதில் உறுதியானது.

கியூபெக்கில் அவரை ஒருவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒன்ராறியோவில் நிலைமை தலைகீழானது. ஜூலையில் ரொறொன்ரோ நகரசபைச் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர் கூடினார்கள். ஸ்காபரோவுக்கும் வந்தார். எங்கள் ஆட்கள் கடைக்கும் அலுவலுக்கும் போய் வருகிற ஸ்காபரோ நகர மண்டபத்தில் நின்று கதைத்தார். தான் முடிக்காவிட்டாலும் இந்த ஓட்டம் தொடரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அது 83 கலவரத்துக்கு முந்திய காலம், ஸ்காபரோவில் தமிழ்க் குரல் கேட்பதே அரிது. பிற்காலத்தில் பேருந்துச் சாரதியாக அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் ஆட்களை ஏற்றி இறக்கியவன் நான். அந்த இடத்தில் அவர் நின்றார் என்பது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் பயணிகள் ஒவ்வொருவருக்கும் சொல்லியிருப்பேன்.

முழுக் கதையிலும் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சைக்கிள். ஓகஸ்ட் மாதம், சுப்பீரியர் ஏரியின் வடகரையில் ரெறேஸ் பே என்ற இடம். அதே எலும்புப் புற்றுநோயால் அதே மாதிரிக் காலை இழந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ரெறியைப் பார்க்க வந்தான். மருந்தினால் தலைமயிர் கொட்டிப்போயிருந்தது. இருவரும் ஜக்பிஷ் ஏரியில் சேர்ந்து நீந்தினார்கள். பிறகு ரெறி ஓட, அந்தப் பிள்ளை பின்னால் சைக்கிளில் ஆறு மைல் வந்தான். முழுப் பயணத்திலும் தனக்கு மிகுந்த ஊக்கம் தந்த பொழுது அதுதான் என்று ரெறி சொன்னார். ஓடத் தெரிந்தவன் ஓடட்டும், சைக்கிளில் வருகிறவன் சைக்கிளில் வரட்டும் என்ற இன்றைய வழக்கத்துக்கு அந்த ஆறு மைல்தான் வேர் என்று நான் நம்புகிறேன்.

செப்ரெம்பர் 1ஆம் திகதி தண்டர் பேக்கு அருகில் நெஞ்சுநோவும் இருமலும் தாங்காமல் ஓட்டத்தை நிறுத்தினார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்கள், 5,373 கிலோமீற்றர். ஒரு வாரத்தில் சிரிவி தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தி ஒரு கோடி டொலருக்கு மேல் திரட்டியது. 1981 பெப்ரவரியில் மொத்தம் 2 கோடியே 41 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு ஒரு டொலர் என்ற கணக்கு உயிரோடு இருக்கும்போதே அவருக்குத் தீர்ந்தது. அந்த ஜூன் 28ஆம் திகதி, இருபத்துமூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்க, காலமானார்.

அவர் ஓட்டத்தை நிறுத்திய உடனே போர் சீசன்ஸ் ஹோட்டல்களின் நிறுவனர் இசடோர் ஷார்ப் தந்தி அடித்தார். தன்னுடைய மகனைப் புற்றுநோய்க்குக் கொடுத்த தகப்பன் அவர். ரெறியின் பெயரில் வருடாவருடம் ஓட்டம் நடத்தலாமா என்று கேட்டார். ரெறி ஒத்துக்கொண்டார், ஆனால் நிபந்தனையோடு. போட்டி இருக்கக்கூடாது. வென்றவர் என்று ஒருவரும் இல்லை. பதக்கம் இல்லை. சனங்கள் ஒன்றுகூடி ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். 1981 செப்ரெம்பர் 13ஆம் திகதி முதல் ஓட்டம் 760க்கு மேற்பட்ட இடங்களில் நடந்தது. மூன்று இலட்சம் பேர் வந்தார்கள், 35 இலட்சம் டொலர் சேர்ந்தது.

உடம்பு விழுந்த நிலையிலும் அந்த இளைஞர் இந்த ஒரு விடயத்தில் உறுதியாக நின்றதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு ஓட்டம் என்றால் இல்ல மெய்வல்லுநர் போட்டி. முதலாமிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம். நாலாவதாய் வந்தவனின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லமாட்டார்கள். சைக்கிள் ஓட்டமும் அப்படித்தான். சித்திரை வருடப்பிறப்புக்குச் சனசமூக நிலையம் நடத்துகிற போட்டியில் வென்றவனுக்குக் கிண்ணம், மாலை. மற்றவர்கள் பெடலை மிதித்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ரெறி தன் வாழ்க்கையில் ஓடிய முதல் தெருவோட்டப் பந்தயத்தில், 1979இல் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரில், கடைசியாக வந்தார். மற்றவர்கள் எல்லோரும் முடித்துப் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் அவர் எல்லையைத் தொட்டார். அவருக்கு அது குறையாகத் தோன்றவில்லை. கனடாவைக் கடக்கலாம் என்ற துணிவு அங்கேதான் வந்தது. கடைசியாய் வந்தவருக்கும் இடம் இருக்கிற ஓட்டத்தை அமைக்க, கடைசியாய் வந்த ஒருவரால்தான் முடிந்திருக்கிறது.

அவருக்குப் பின் அந்த விதிகளை விடாமல் காத்தவர் தாய் பெற்றி பொக்ஸ். 2011இல் காலமாகும் வரையில் மகனின் பெயரை வியாபாரத்துக்கு விற்கச் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் ஓட்டத்துக்குக் கட்டாயக் கட்டணம் இல்லை, குறைந்தது இவ்வளவு சேர்க்கவேண்டும் என்ற எல்லையும் இல்லை. ரொறொன்ரோவிலிருந்து நயாகரா வரைக்கும் 2008இல் தொடங்கிய பெரிய புற்றுநோய்ச் சைக்கிள் பவனியில் ஒவ்வொருவரும் குறைந்தது 2,500 டொலர் திரட்டவேண்டும். இரண்டு நாளில் 200 கிலோமீற்றர் மிதிக்கிற அந்த ஆட்கள் பெருந்தொகை சேர்த்துத் தருகிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு ரூனியோடு வருகிற பிள்ளையும் மூன்று சில்லுச் சைக்கிளும் சக்கர நாற்காலியும் ஒரே பாதையில் போகிற இடம் ரெறியின் ஓட்டம்தான். அப்படியிருந்தும் இதுவரை 80 கோடி டொலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

இந்த ஓட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் சிவப்பு ரீசேட் போட்டுக்கொண்டு வருவார்கள். என் மனைவிக்கு மார்பில் நோய் வந்து சுகமான பிறகு மகள் அவளுக்கும் ஒன்று வாங்கிவந்தாள். "வருத்தத்தைச் சட்டையில எழுதி ஊருக்குக் காட்டுறதே?" என்று மனைவி அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டாள். எங்கள் வீடுகளில் இந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டோம். கலியாணப் பேச்சு வருகிற வீடு என்றால் இன்னும் மறைப்போம். மருந்து ஏற்றுகிற நாட்களில் சொந்தத் தங்கைக்கே காய்ச்சல் என்று சொன்னவள் அவள். ரெறியோ அரைக்காற்சட்டை போட்டு, செயற்கைக் காலை வெளியே காட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடினார். மறைக்கிறதற்கு இதில் என்ன இருக்கிறது என்பதை அவர் வாயால் சொல்லவேண்டி வரவில்லை. மனைவி அடுத்த வருடம் அதைப் போட்டாள். அந்தச் சிவப்பைக் கண்டு எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு தமிழ்ப் பெண் கிட்ட வந்து, தனக்கும் வந்தது, பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை என்றாள். இருவரும் பாதை முடியும்வரை கதைத்துக்கொண்டே நடந்தார்கள்.

ரெறியின் ஓட்டம் கனடாவோடு நிற்கவில்லை, சென்னையில் ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது. அதேபோல நோய்க்காகத் தேசத்தைக் குறுக்கே கடக்கும் எண்ணமும் எங்கள் ஊர் வரை வந்தது. 2011 ஜூலையில் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தார்கள், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதற்காக. அதுவரை வடக்கு நோயாளிகளில் பலருக்குக் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகம வைத்தியசாலைதான் கதி. போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல், நோயாளியைச் சைக்கிள் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஊர் எங்களுடையது. நானும் அப்படி மிதித்தவன்தான். மகரகம அந்தச் சைக்கிளுக்கு எட்டாத தூரம். அந்த நடைபவனி முடிந்து 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கே திரும்ப நடந்தார்கள், அந்த முறை காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. தெற்கு மண்ணில் தொடங்கிய நடை வடக்கின் நோயாளிக்கும், வடக்கு மண்ணில் தொடங்கிய நடை தெற்கின் நோயாளிக்கும் காசு சேர்த்தன. சந்நிதி கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு மாதக்கணக்கில் நடக்கிற அடியார்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நேர்த்தி இப்படியும் நிறைவேறலாம் என்பது மனதுக்கு நிறைவாக இருந்தது.

எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடையில் நடைபவனியும் சைக்கிள் பவனியும் வைக்கின்றன. நல்ல காரியம். ஆனால் முதலாவதாய் வந்தவருக்குக் கேடயமும், முன்னுக்குப் பின்னுக்கு அனுசரணையாளர் பெயர் நிறைந்த ரீசேட்டும் வேண்டாம் என்று கூட்டங்களில் நான் சொல்லிவருகிறேன். அந்தக் காசையும் வைத்தியசாலைக்கே அனுப்பலாம். ரெறியின் ஓட்டம் செப்ரெம்பரில் வருகிற கனடாத் தொழிலாளர் தினத்துக்குப் பிந்திய இரண்டாம் ஞாயிறு காலையில் நடக்கும். ஓடலாம், நடக்கலாம், சைக்கிளில் வரலாம். பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் போட்டுக் கூட்டிவாருங்கள், வீட்டில் சிவப்பு ரீசேட்டுக்கு உரியவர் இருந்தால் அவரையும் கூட்டிவாருங்கள்.